தம்புராவில் குறை இல்லை

கண்ணா,

நான் நலம். முழங்கால் வலி பழையபடிதான்; அதை விடு.

மூன்று மாதமாக நீ செய்தி தட்டி அனுப்புகிறாயே தவிரக் கூப்பிடுவதில்லை. வேலை மும்முரம் என்று தெரியும். கடைசியாகப் பேசியபோது நான்கு தடவை "என்ன, என்ன" என்றாய். லைன் சரியில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அப்பாவைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். மின்நிலையத்துக்காரர்கள் தனியாகக் கேட்கிறார்கள், கச்சேரிக்காரர்கள் தனியாகக் கேட்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு அவர் வயலின் வாசித்தது பொழுதுபோக்கு. இரண்டாவது கூட்டத்துக்கு அவர் டர்பைன் பார்த்தது வயிற்றுப்பாடு. இரண்டையும் கவனித்தது ஒரே காதுதான் என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வது? எழுத உட்கார்ந்தேன், கை உனக்கு எழுதுகிறது.

டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50. டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் இரும்பு ஒவ்வொரு அலைக்கும் இரண்டு முறை நீண்டு சுருங்குவதால் அது முனகுவது நொடிக்கு 100 அதிர்வில். "ஐந்து கட்டைச் சுருதிக்கு 98 போதும், இவள் கொஞ்சம் தூக்கலாகப் பாடுகிறாள்" என்று டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி அவர் சொன்னபோது உனக்கு ஆறு வயது. மறுநாள் காலையில் நீ மின்விசிறியைக் காட்டி, "இதுவும் சுருதி சேரவில்லை அப்பா" என்றாய். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு வாரம் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதையே சொன்னார். நானும்தான் சொன்னேன்.

பம்பு பழுது என்றால் மற்றவர்கள் மீட்டரைத் தேடுவார்கள். இவர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் கூட்டில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "இன்னும் பத்து நாள் தாங்கும்" என்பார். பெரும்பாலும் பலித்தது. காது மூடி மட்டும் போட மாட்டார். போட்டால் இயந்திரம் சொல்வது கேட்காதாம். டர்பைன் கூடத்துச் சுவரில் அவர் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருந்தார்: சத்தம் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் நிற்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறினாலும் நேரம் பாதி, 100 ஆனால் 15 நிமிடம். ஊருக்கு உபதேசம்.

நீ ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருக்கிறாய்? கொஞ்சம் இறக்கி வைத்துக் கேள். நடுவில் கழற்றி வை. உன் பெயர் போட்டு வந்த அந்த இசைத்தட்டைக் கேட்டேன். நன்றாக இருந்தது, பெருமையாக இருந்தது. ஆனால் உச்சத்தில் ஊசி குத்துவது போல ஒரு கூர்மை. நீ அப்படிச் செய்கிறவன் இல்லை. முன்பெல்லாம் அப்படி இருந்தால் நீதான் முதலில் முகம் சுளிப்பாய். ஒலியை இறக்கி வை, கண்ணா.

இப்போது எல்லாரும் சுருதி பார்க்க அவர் செய்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுவார்கள். கம்பி சுருதி சேர்ந்தால் விளக்குகள் ஓடாமல் நிற்கும். எவ்வளவு மூளை, எவ்வளவு கைத்திறன் என்பார்கள். மூளைதான். ஆனால் கண்ணால் சுருதி பார்க்க அவருக்கு ஏன் ஒரு பெட்டி வேண்டியிருந்தது?

"சாவி எங்கே?" என்று நான் கேட்க, "ஆவியா? எந்த ஆவி?" என்று அவர் திருப்பிக் கேட்ட நாளில் நாம் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குச் சில மாதம் கழித்துத் தம்புராவில் ஜீவன், அதன் ரீங்காரம், போய்விட்டது என்று ஆரம்பித்தார். தினமும் கம்பிக்கு அடியில் வைக்கும் நூலை மாற்றுவார், குதிரையில் தள்ளித் தள்ளி வைப்பார். "இப்போது வந்துவிட்டதா?" என்று என்னைக் கேட்பார். தம்புராவில் எந்தக் குறையும் இல்லை. தேனீக் கூடு போல அது ரீங்கரித்துக்கொண்டுதான் இருந்தது. நான் சிறிது நேரம் கேட்பது போல இருந்துவிட்டு, "வந்துவிட்டது" என்பேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருஷம் வேலையிடத்தில் எடுத்த காதுப் பரிசோதனையின் உறை வீட்டுக்கு வந்தது. பிரித்தது நான். வரைபடத்தில் 4000 அதிர்வு என்று போட்ட இடத்தில் கோடு கிணற்றுக்குள் விழுந்தது போல இறங்கியிருந்தது. "வயதுக்குத் தகுந்தபடி இருக்கிறதாம்" என்று சொல்லிவிட்டு, அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். மறுமாதம் அவருடைய தனிக் கச்சேரி. காது போன வித்வான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. கச்சேரி முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். முடிந்தது; சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அந்தக் கூடத்தில் வெறும் காதோடு நின்றார். உள்காதில் போன மயிரணு போனதுதான், திரும்ப முளைக்காது. ஆறு வருஷத்தையாவது நான் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கலாம்.

லைன் சரியில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும்.

அந்த வரைபடத்தை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். நீயும் ஒன்று எடு. எடுத்து எனக்கு அனுப்பு, எப்படி இருந்தாலும் அனுப்பு. போனில் சொல்ல வேண்டாம், தாளைப் பார்க்க வேண்டும்.

பெட்டியை இரண்டு பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. மூன்றாவது விளக்கு இன்னும் எரியவில்லை. அவரும் கடைசிவரை மாற்றவில்லை. ஏன் என்று உனக்குத்தான் தெரியும்.

அம்மா