புன்னை எண்ணெய் விளக்கு ஏற்றுமுன்: பினாங்குக் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

கார்த்திகைத் தீபத்துக்குக் கடை எண்ணெய்க்குப் பதிலாக, கடலோரப் புன்னைக் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயை ஊற்றலாம் என்று நினைக்கும் கோயில்களுக்காக இதை எழுதுகிறோம். நல்ல எண்ணம்தான். மரம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. மலாய்க்காரர் பெனாகா லாவுட் என்பது நம் புன்னையைத்தான். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய, இன்று கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கும் முனைக்கே தஞ்சோங் பெனாகா என்றுதான் பழைய பெயர். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல மரமும் இதுவே. மண்ணெண்ணெய் வருமுன் கடற்கரை ஊர்களில் விளக்கில் எரிந்த எண்ணெய்களில் இதுவும் ஒன்று.

ஆனால் பொறுக்கினோம், ஆட்டினோம், ஏற்றினோம் என்று முடிகிற காரியம் இல்லை. காயவைப்பதிலும் பிசின் நீக்குவதிலும் அவசரப்பட்டால், கும்பாபிஷேகத்துக்கு வர்ணம் அடித்த விதானம் கரிபிடித்துப் போகும். அதனால் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: முதல் ஆண்டு 50 அகலுக்கு மேல் போகாதீர்கள், அதையும் திறந்த வெளியில் ஏற்றுங்கள். 1,000 விளக்கு என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டுப் பிறகு எண்ணெய்க்கு அலைய வேண்டாம்.

கணக்கு இதுதான். ஓர் அகலுக்கு 10 மில்லி என்றால் 1,000 அகலுக்கு 10 லிட்டர். பிசின் எடுக்கும்போது கழிவது போக, செக்கிலிருந்து 12 லிட்டராவது இறங்க வேண்டும். லிட்டருக்கு 2.5 கிலோ உலர்ந்த பருப்பு என்று வைத்தால் ஏமாற மாட்டீர்கள். ஆக 30 கிலோ. பச்சையாக உடைத்த பருப்பு காயும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை குறையும், ஓட்டின் எடை வேறு. எனவே ஓட்டோடு 100 கிலோவுக்குக் குறையாமல் சேர்த்தாக வேண்டும். எல்லாரும் கூடிச் செய்யும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் முடிகிற வேலையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 50 அகலுக்கு 5 கிலோ கொட்டை தாராளம்.

மரத்தில் ஏறிப் பறிக்க வேண்டாம். பச்சைக் காயில் பருப்பு முற்றியிருக்காது. தானாக விழுந்து, தோல் மஞ்சளித்தோ பழுப்பாகிச் சுருங்கியோ கிடப்பதைப் பொறுக்குங்கள். வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டை இன்னும் நல்லது. பாதி வேலை மிச்சம். நெல்லைப் போல் தண்ணீரில் போட்டு, மிதப்பதைப் பதர் என்று ஒதுக்குவார்கள் சிலர். புன்னையில் அது செல்லாது. கடல்நீரில் மிதந்தே பரவுகிற கொட்டை இது; நல்லதும் மிதக்கும். கூடையிலிருந்து பத்தை எடுத்து உடைத்துப் பார்ப்பதுதான் வழி. பருப்பு வெளிர் மஞ்சளாக, முழு உருண்டையாக இருக்க வேண்டும். சாலையோர மரம் என்றால் நகராண்மைக் கழகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குள் ஒன்றைக்கூடத் தொடாதீர்கள்.

இனி காயவைப்பது. பாதிப் பேர் தோற்பது இங்கேதான். பச்சைப் பருப்பைச் செக்கில் போட்டால் எண்ணெய் வராது, வெள்ளைக் கூழ்தான் வரும். ஓட்டை மரச்சுத்தியலால் உடைத்து, பருப்பை இரண்டாகவோ நான்காகவோ அரிந்து, கம்பி வலைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். 4 முதல் 8 வாரம் ஆகும். முதலில் மஞ்சள் மங்கும், பிறகு செம்பழுப்பாகும், கடைசியில் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்து, தொட்டால் விரலில் எண்ணெய் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பு வரும்வரை செக்குப் பக்கம் போகாதீர்கள். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை பிடித்துக்கொள்ளும். ஈரக் காற்றில் பருப்பின் மேல் பூஞ்சணம் பூக்கும். பூத்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். அந்த எண்ணெய் எரியும்போது கண் எரியும், நெடி அடிக்கும். கார்த்திகைக்கு வேண்டுமென்றால் ஜூலை கடைசிக்குள் கொட்டை கையில் இருக்க வேண்டும். மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு, நாலு பக்கமும் காற்றுக்குத் திறப்பு, இந்த மாதிரிப் பந்தல் போதும். சிமெண்டுத் தரையில் கொட்டிக் காயவைக்காதீர்கள். இரவில் அடியில் வியர்க்கும்.

ஆட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சமையல் எண்ணெய் ஆட்டும் செக்கில் மட்டும் போடாதீர்கள். புன்னைப் பருப்பு நஞ்சு; எண்ணெயும் உண்ணத் தகாதது. புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கக் கூடாது, மட்க வைத்து உரமாகப் போடலாம். தெளிய விட ஒரு வாரமாவது கொடுத்து, பருத்தித் துணியில் வடிகட்டுங்கள்.

இப்போது கையில் இருப்பது கரும்பச்சை நிறத்தில், கெட்டியாக, கனத்த மணத்தோடு ஓர் எண்ணெய். இதை அப்படியே அகலில் ஊற்றுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. புன்னை எண்ணெயில் பிசின் மிகுதி. அது திரியின் நுனியில் கருகிக் கட்டியாகி, எண்ணெய் ஏறும் வழியை அடைத்துவிடும். சுடர் சிறுத்துப் புகை கக்கும். பிசினை எடுக்க, எண்ணெயை 80 டிகிரிக்குச் சூடாக்கி, 20 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலக் கரைசலை எண்ணெய் எடையில் 0.3 விழுக்காடு, அதாவது 10 கிலோவுக்கு 30 கிராம், சேர்த்துக் கால் மணி நேரம் மெதுவாகக் கிளற வேண்டும். கரைசல் தயாரிக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள். கறுத்த மண்டி அடியில் இறங்கியதும் மேலெண்ணெயை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, 60 டிகிரி வெந்நீர் விட்டு, கழுவிய நீரில் புளிப்பு அடங்கும்வரை அலசுங்கள். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், லிட்மஸ் தாள் இருக்கிறது. பிறகு மெல்லிய சூட்டில் நீரை ஓட்டிவிட வேண்டும். ஈரம் நின்றால் திரி படபடவென்று வெடிக்கும்.

இவ்வளவு செய்தாலும் நல்லெண்ணெய் அளவுக்குச் சுத்தமாக எரியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சரிக்குச் சரி தேங்காயெண்ணெய் கலந்தால் இளகும், திரியில் எளிதாக ஏறும். திரியை இறுக்கி முறுக்காமல் தளர்வாக, மெல்லியதாகப் போட்டு, அகலை விளிம்புவரை நிரப்பி வையுங்கள். சோதிப்பதும் எளிது: ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் புன்னை என்று இரண்டு அகல் ஏற்றி, சுடருக்கு ஒரு சாண் மேலே வெள்ளைப் பீங்கான் தட்டை ஒரு நிமிடம் பிடியுங்கள். தட்டில் படிகிற கரியைப் பார்த்தாலே எண்ணெய் உள்ளே போகலாமா, வெளிப் பிராகாரத்தோடு நிற்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும். கருவறைக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இன்னொன்று, பித்தளைக் குத்துவிளக்கு. எண்ணெயில் மீந்திருக்கும் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு கட்டும். மண் அகல்தான் சரி. பித்தளையில் ஊற்றியே தீர வேண்டுமென்றால் மறுநாள் காலையிலேயே புளி போட்டுத் துலக்கிவிடுங்கள்.

மீந்த எண்ணெயைக் குப்பியில் அடைத்து மூட்டுவலிக்கு, சொறிக்கு என்று பக்தர்களிடம் கொடுப்பதை நாங்கள் ஒப்பவில்லை. தமானு என்ற பெயரில் அழகுப் பொருள் கடைகளில் விற்பது இதே மரத்தின் எண்ணெய்தான், உண்மை. ஆனால் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வரும். நீங்கள் விளக்குக்குச் செய்தது விளக்கோடு இருக்கட்டும். குப்பியில் ‘உண்ணாதீர், பூசாதீர்’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள்.

கன்று வளர்க்க நினைப்பவர்களுக்கு: ஓட்டோடு விதைத்தால் முளைக்க இரண்டு மாதம் ஆகும். ஓட்டைப் பருப்பு நசுங்காமல் எடுத்துவிட்டு விதைத்தால் மூன்று வாரம் சொச்சம். மணற்பாங்கான மண், வெயில், உப்புக்காற்று எதுவும் இதற்குப் பயமில்லை. ஆனால் மெதுவாகத்தான் வளரும். மண்டபத்துக்கும் நடைபாதைக்கும் 8 மீட்டர் தள்ளி நடுங்கள். தடித்த இலை கூரைக் கால்வாயை அடைக்கும், உருண்டைக் காய் கீழே கிடந்தால் வெறுங்காலோடு வலம் வரும் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். ஏற்கெனவே ஒட்டி வளர்ந்துவிட்ட மரத்தை இதற்காக வெட்டாதீர்கள். காய் உதிரும் மாதங்களில் விடியற்காலை ஒரு முறையும் மாலைப் பூசைக்கு முன் ஒரு முறையும் கூட்டினால் போதும். கூட்டியதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் சாக்கில் கட்டி வையுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செக்கு நடத்துவோரும் மரக்கன்று வளர்ப்போரும்,
பட்டர்வொர்த், பினாங்கு