கும்பகோணம் பைண்டிங் கடை அண்ணனுக்கு

அண்ணே, பேர் கேட்டதற்கு "பைண்டர்னே வச்சுக்குங்க" என்று சிரித்துவிட்டீர்கள். அதனால் இப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மயிலாடுதுறையில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தவர்களிடம் கிடைத்தது, 1930இல் லண்டனில் வெளிவந்த சவாய் காக்டெயில் புக் என்ற மதுக்கலவைச் செய்முறை நூல். அமெரிக்காவில் மதுவிலக்கு வந்ததும் இங்கிலாந்து திரும்பி, லண்டன் சவாய் ஹோட்டல் பாரில் சேர்ந்த ஹாரி க்ராடக் தொகுத்தது. நான் குடிப்பதில்லை. பழைய பான நூல்களைத் தேடி அலைவது மட்டும் ஒரு பைத்தியம்.

பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. ஐப்பசி மழையில் பை முழுக்க ஈரம். உங்கள் கடை வாசலில் ஒதுங்கியபோது, நான் வாய் திறக்குமுன் புத்தகத்தை வாங்கிக்கொண்டீர்கள். சில தாள்களுக்கு ஒன்றாக வெள்ளைத்தாளைச் செருகி, அது ஈரம் குடித்ததும் மாற்றி மாற்றி வைத்தீர்கள். "வெயில்ல காட்டாதீங்க, தாள் முறுக்கிக்கும். செல்லோடேப் பக்கமே போயிடாதீங்க." அப்புறம் பிரிந்த கட்டுகளைப் பழைய ஓட்டைகளிலேயே நூல் கோத்துத் தைத்தீர்கள். பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வேறு.

கடைசியில் டீயும் நீங்களே வாங்கித் தந்தீர்கள். கூலி மட்டும் வேண்டாமாம்!

கும்பகோணத்துக்காரர்கள் யாராவது இதை அவரிடம் காட்டுங்கள். ரொம்ப நன்றி அண்ணே. தையில் வருகிறேன், அப்போதாவது காசை வாங்கிக்கொள்ளுங்கள்.