உப்புத் தண்ணீரும் ஸ்டீராய்டும்

கோத்தகிரி

அன்புள்ள சாரதா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அண்ணன் மகன் பிரபுவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அலைச்சலில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது நடக்கிறான். பேச்சு கொஞ்சம் தடுமாறுகிறது, கோபம் முன்னைவிட அதிகம். அண்ணி அதற்கே கும்பிடு போடுகிறாள். பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட அன்றைக்கு மேகமூட்டம், வளைவில் காட்டெருமை நின்றது கண்ணில் படவில்லை. ஹெல்மெட் பைக் கைப்பிடியில் தொங்கியது. இந்த மலையில் பாதிப் பேருக்கு ஹெல்மெட் போடும் இடம் அதுதான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பார்வை மங்கியபோது அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஏற்றினார்கள், தேறிவிட்டாள். பிரபுவுக்கு மட்டும் ஏன் அதைத் தராமல் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள், இரண்டுமே வீக்கம்தானே என்கிறாய். அண்ணனும் கோவையில் ஐசியூ வாசலில் இதையேதான் கேட்டான்.

மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே மூளை, ரத்தம், தண்டுவட நீர் மூன்றும்தான். ஒன்று பெருத்தால் மற்றது ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடமில்லாமல் போனால் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். அடிபட்ட செல்லுக்குச் சக்தி போனதும் உப்பிலிருக்கும் சோடியத்தை வெளியே தள்ள முடியாது. சோடியம் உள்ளே தங்கும், பின்னாலேயே தண்ணீரும் போகும். இது ஒரு வகை. ரத்தக்குழாயின் இறுக்கம் தளர்ந்து நீர் கசிவது இன்னொரு வகை. அடிபட்ட இடத்தைச் சரிசெய்ய ஓடிவரும் செல்கள் கக்கும் ரசாயனங்கள் அந்தத் தளர்ச்சியை மேலும் கூட்டும். அதனால்தான் அடிபட்ட அன்று நன்றாகப் பேசியவன்கூட மூன்றாம் நாள் மயங்குகிறான்.

மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளுமே, அந்தக் கணக்குத்தான் உப்புத் தண்ணீரும். சாதாரண சலைனில் உப்பு 0.9 சதவீதம், இவனுக்கு ஏற்றியது 3 சதவீதம். ரத்தத்தில் உப்பு கூடினால் மூளையிலிருந்து நீர் ரத்தத்துக்கு வரும். குளுக்கோஸ் பாட்டிலை ஏன் தொடவில்லை என்றும் கேட்டிருந்தாய். உடம்பு சர்க்கரையைத் தின்றுவிடும், மிஞ்சுவது வெறும் தண்ணீர். அது நேரே வீக்கத்தில் போய்ச் சேரும்.

ஒரு ராத்திரி எனக்கே வயிற்றைக் கலக்கியது. யூரின் பை மளமளவென நிரம்பியது, பார்த்தால் குழாய்த் தண்ணீர் மாதிரி நிறமே இல்லை. டியூட்டி நர்ஸ் சின்னப் பெண்தான், மணிக்கொரு தரம் அளந்து எழுதிக்கொண்டிருந்தவள் உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்ட அதிர்ச்சியில், நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் நின்றுபோயிருந்தது. அந்த ஹார்மோனின் வேலையைச் செய்யும் டெஸ்மோபிரசின் மருந்தைப் போட்டபின் அடங்கியது. சோடியம் ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. அவசரப்பட்டுச் சரிசெய்தால் அது தனி ஆபத்து. அந்தப் பெண்ணின் நோட்டுதான் இவனைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

இனி ஸ்டீராய்டு. நாம் படித்த காலத்தில் தலையில் அடிபட்டவர்களுக்கும் போட்டார்கள், நினைவிருக்கும். பிறகு கிராஷ் என்ற பெரிய ஆய்வு 10,008 பேரிடம் பார்த்தது. 2004-ல் முடிவு வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9. அதோடு அந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டினார்கள். மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்துக்கு மட்டும் அது இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

உன் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதை வேறு. மூளையில் நீர் போய்வர அக்வாபோரின்-4 என்ற புரதம் இருக்கிறது. (இந்தக் குடும்பத்துப் புரதத்தைக் கண்டதற்குத்தான் பீட்டர் ஆக்ருக்கு 2003-ல் நோபல்.) அந்தப் புரதத்தையே உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய் ஒன்று உண்டு, பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் பிடிக்கும். இங்கே அழற்சிதான் முதல் குற்றவாளி, அதனால் ஸ்டீராய்டு கேட்கிறது. அப்படியானால் அந்தப் புரதத்தை மருந்தால் அடைத்துவிட்டால் அடிபட்டவனுக்கு வீக்கமே வராதே என்று தோன்றும். எலிகளில் பார்த்தார்கள். அது இல்லாத எலிகளுக்குச் செல்லுக்குள் நீர் ஏறும் வீக்கம் குறைந்தது. ஆனால் குழாய் கசியும் வீக்கத்தில் நிலைமை மோசமானது, தேங்கிய நீரை வெளியேற்றுவதும் அதே புரதம்தான் என்பதால். எவ்வளவு வம்பு பார்!

அவளுக்கு அந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எதிர்ப்புச் சக்தி நரம்பின் உறையைத் தாக்கும் வேறொரு நோய்) என்று பெயர் வைத்துத் தொடர் மருந்து ஆரம்பிக்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த மருந்துகளில் சில, நான் சொன்ன அக்வாபோரின் நோயை மோசமாக்கும். ஆகவே அக்வாபோரின்-4 ஆன்டிபாடி (அந்தப் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று அவள் அம்மாவை டாக்டரிடம் கேட்கச் சொல். பழைய ரிப்போர்ட்டுகளை ஃபோட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
மல்லிகா