மொன்றியலிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் வந்து கனநாளாகிவிட்டது. பதிலைக் காணவில்லை என்று தம்பியிடம் குறைப்பட்டீர்களாம். வேலை மாறுகிறேன், அந்த அலைச்சல்தான், வேறொன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இத்துடன் கொஞ்சப் படம் வைத்திருக்கிறேன். ராசன் அண்ணாவின் பழைய கமரா இப்போது என்னிடம். பகலில் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்ரென்சன் பகுதி முழுக்க நடக்கிறேன். பஸ் எடுப்பதில்லை, நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே. ஒரு ரோலில் 36 படம்தான், பார்த்துப் பார்த்து அமத்த வேண்டும். குளிரில் பற்றரி செத்துவிடும்; கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கினால் திரும்ப உயிர் வரும்.

தூண் வைத்த பெரிய கட்டடம் 1931இல் கட்டிய ரயில் ஸ்ரேசன். இப்போது அதற்குக் கீழே மெட்ரோ ஓடுகிறது. இங்கே மாடிக்குப் போகும் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, தெருப் பக்கமாக இருக்கும். உள்ளே இடம் மிச்சமாம். ஐஸ் பிடித்த நாளில் இறங்கிப் பார்த்தால் தெரியும் அந்த மிச்சம்!

தலை வாரிச் சிரித்துக்கொண்டு நிற்பவர் கீழ்வீட்டுக் கிரேக்க ஆச்சி. பின்வளவில் ஒரு அத்தி மரம் வைத்திருக்கிறார். குளிர் வரமுன் அதைச் சாக்கால் சுற்றி, கயிற்றால் கட்டி, உச்சியில் வாளியொன்றைக் கவிழ்த்துவிட்டார். அதைத்தான் எடுக்கக் கேட்டேன். உள்ளே ஓடித் தலை வாரிக்கொண்டு வந்து முன்னால் நின்றுவிட்டார். பின்னால் தெரிவது வாளி.

கம்பி வேலிப் படத்தைக் கவனமாகப் பாருங்கள். லக்காடி வீதியில், எங்கள் நெருக்கமான மாடிவீடுகளுக்கும் எதிர்ப்பக்கத்துப் பணக்கார ஊருக்கும் இடையில் 1960இல் போட்டது. பிள்ளைகள் காரில் அடிபடாமல் இருக்கவாம். பேய்வேசம் போட்டு இனிப்புக் கேட்டுப் போகிற நாளில் முன்பெல்லாம் அதன் கதவுகளைப் பூட்டியும் வைத்தார்களாம், அது எந்தப் பிள்ளையைக் காக்கவோ தெரியாது. ஒரு கதவைத் தள்ளினேன். கிறீச்சென்றது, எங்கள் கிணற்றுத் துலா மாதிரியே. விடிய நீங்கள் தண்ணி அள்ளுகிற சத்தம். அதற்குப் பிறகு படம் எடுக்க மனம் வரவில்லை, வந்து படுத்துவிட்டேன்.

சரி, பெரியப்பாவின் விசயம். வேலிக்குக் கிடுகு மாற்றுகிற சாட்டில் வேலிக் கதியாலை எங்கள் வளவுக்குள் தள்ளி நட்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்ச்சண்டைக்குப் போக வேண்டாம், சின்னவளின் கலியாணத்துக்கு அவர் முன்னுக்கு நிற்க வேண்டும். ஆனால் காணி உறுதியைப் பெட்டகத்தை விட்டு வெளியே எடுக்காதீர்கள், மாமா கேட்டாலும். தம்பியிடம் சொல்லி ஸ்ரூடியோக்காரரைக் கூட்டிவந்து, பழைய பூவரசும் புதுக் கதியாலும் ஒன்றாகத் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். பூவரசைத் தறித்துவிட்டால் எல்லைக்குச் சாட்சி இருக்காது. காணி அளக்கிற சேர்வயருக்குக் கொடுக்கிற காசைத் தை மாதம் அனுப்புகிறேன். அதுவரைக்கும் அவரைக் கூப்பிட வேண்டாம்.

அன்பு மகன்
சிவா