ஓய்வாக இருப்பவள் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வானொலியில் காலை முதல் இரவு வரை சாஸ்திரிய இசையும் கலை நிகழ்ச்சிகளும் ஒலிபரப்பாகப் போவதைப் பற்றித் தங்கள் இதழில் ஐந்து வரிச் செய்தி வந்திருந்தது. போட்டதற்கு நன்றி. ஐந்தாவது வரியில் "ஓய்வாக இருக்கும் மூத்த குடிமக்களுக்கு இனிய பொழுதுபோக்கு" என்று முடித்திருந்தீர்கள். அதைத்தான் நாலு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்க முடியவில்லை.

அறுபது தாண்டிவிட்டது, மூத்த குடிமகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஓய்வு எப்படி இருக்கும் என்றுதான் தெரியவில்லை. செல்லூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் ரேடியோ. மெஷினுக்கு மோட்டார் மாட்டியதிலிருந்து ஒரு தொல்லை. மிதித்தால் போதும், மீடியம் வேவில் கர்ரென்று இரைச்சல் கிளம்பிப் பாடுகிறவர் குரலை அரைத்துவிடும். அதனால் கச்சேரி நேரத்தில் மெஷினைத் தொடமாட்டேன். ஹெம்மிங், ஊக்கு, காஜா என்று கைவேலையை அதற்கென்றே சேர்த்து வைத்துக்கொள்வேன். திருவையாற்றிலிருந்து தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தும் வருகிற அன்றைக்கு, நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடிப்பதற்குள் இரண்டு ஜாக்கெட்டின் கைவேலை முடிந்திருக்கும். நடுவில் வராளி வரும். வராளி ராகத்தைக் குரு நேரே சொல்லித்தரக் கூடாது, தோஷம் என்பார்கள். எனக்கு எல்லா ராகமும் ரேடியோ சொல்லித்தந்ததுதான், அதனால் யாருக்கும் தோஷமில்லை.

இப்படி நேரம் பார்த்து வேலையைப் பிரிக்கிறவளுக்கு "நாள் முழுவதும்" என்று போட்டால் என்ன செய்வது? நாள் முழுவதும் மெஷினை நிறுத்தினால் முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் கேட்டவர்கள் என்னை நிறுத்திவிடுவார்கள். பொழுதுபோக்கு என்று எழுத இடம் இருந்திருக்கிறது, எத்தனை மணிக்கு யார் வாசிக்கிறார் என்று எழுத இல்லை. அன்று காலை லைனிங் துணி வாங்க விளக்குத்தூண் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்து ரேடியோவைத் திருகினால், நாகஸ்வரம் முடிந்து தவில்காரர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒலிபரப்பில் எனக்குக் கிடைத்தது அந்தப் பெயர் மட்டும்தான். மத்தியானம் பரதநாட்டியத்தைப் பற்றி ஒரு அம்மாள் ஆட்டத்துக்கான தாளச் சொற்கட்டுகளைச் சொல்லிச் சொல்லி விளக்கினார். நாட்டியத்தைக் காதாலும் பார்க்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதுவும் தற்செயலாகக் கேட்டதுதான்.

என் அப்பா மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தைத்தவர். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டது தாங்கள் அறியாததல்ல. அப்போது தூணுக்குத் தூண் மெஷின். கோயிலுக்குள்ளிருந்து நாகஸ்வரம் வந்தால் அத்தனை மெஷினும் ஒரு நிமிஷம் நிற்கும் என்பார் அப்பா. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். வீட்டில் வால்வு ரேடியோ, தபாலாபீசில் பணம் கட்டிய லைசென்ஸ் புத்தகம் வேறு. மதுரைக்கென்று நிலையம் வராத காலம், 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையம்தான் எங்களுக்கு. சினிமாப் பாட்டு என்றால் இலங்கை வானொலி. பாடகர் மதுரை மணி ஐயர் 1968-இல் காலமானபோது எனக்கு ஐந்து வயது. எங்கள் ஊரைப் பெயருக்கு முன்னால் சுமந்த அவரை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் அவர் ஸ்வரம் பாடுவதை எந்த அறையிலிருந்து கேட்டாலும் அவர்தான் என்று சொல்வேன். அவர் போன பிறகும் ரேடியோ விடாமல் போட்ட ஒலிப்பதிவுகளால் வந்த ஞானம் அது. அப்பா பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்பார். அவரும் ஓய்வாக இருந்தவரில்லை.

நேரில் போய்க் கேட்கலாமே என்பீர்கள். போனேன், ஒரு தடவை. வேலை முடித்த கையோடு துணிப்பையும் நானுமாக ஒரு சபா வாசலில் நின்றேன். "யாரைம்மா பார்க்கணும்?" என்றார் அங்கிருந்தவர். பாட்டுக் கேட்க வந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ரேடியோ இதுவரை என்னை அப்படிக் கேட்டதில்லை.

செல்போனில் கேளேன், 2016-லிருந்து ஆகாசவாணியில் "ராகம்" என்று 24 மணி நேர அலைவரிசையே இருக்கிறதே என்கிறான் மகன். சரி, கேட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே போனில்தான் வாடிக்கைக்காரர்களும் வருகிறார்கள். தோடி ஆலாபனை நடுவில் "அக்கா, ஜாக்கெட் ரெடியா?"

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து உறுத்துகிறது. முன்பு ஒரு திருவிழாப் படத்தில் தவிலைக் காட்டி "மிருதங்கக் கலைஞர்" என்று போட்டிருந்தீர்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி வளர்ந்த அனுமந்தராயர் கோயில் தெரு இருக்கிற ஊரில் இருந்துகொண்டு! அன்றே போஸ்ட்கார்டு எழுதினேன். ஐம்பது பைசா போகட்டும், பதில் வேண்டாம், மறுநாள் ஒரு வரித் திருத்தம் வரும் என்று தேடினேன். அப்புறம் வானொலி நிகழ்ச்சி நிரலையே "இடமின்மை காரணமாக" நிறுத்தினீர்கள். அதே மூலையில் போன வாரம் ஒரு நடிகையின் நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். குட்டி நன்றாக இருக்கட்டும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தினமும் நாலு வரி: நேரம், பாடுகிறவர் அல்லது வாசிக்கிறவர், முடிந்தால் பக்கவாத்தியம். தங்க விலைக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டாலும் சரி, ஊசியில் நூல் கோக்கிற கண் எனக்கு, படித்துவிடுவேன். திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனைக்குப் போட வேண்டியதில்லை. பகுள பஞ்சமி, காலை 9 மணி என்று எங்களுக்கே தெரியும். மற்ற நாளுக்குத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
செல்லூர், மதுரை.