பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது

திருப்பூர் வட்டாரத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் வணக்கம்.

பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் உங்களிடம் படிக்கிறார்கள். இன்டர்வெல்லில் அவர்களுக்கு விழும் பெயர்கள் 'வடக்கன்', 'பானிபூரி'. அசாம் பக்கத்துப் பிள்ளை என்றால் 'சைனாக்காரன்'.

காதில் விழுந்ததும் பெரும்பாலும் நடப்பது, "விளையாட்டுக்குச் சொன்னான், விடு." இல்லையென்றால் சொன்னவனுக்கு இரண்டு அடி, அப்புறம் "கை கொடுத்துக்கோங்க." அடி வாங்கியவன் மறுநாள் கேட்டுக்கு வெளியே அதையே சொல்வான். போதாததற்கு, அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது.

முதலில் சொல் பட்ட பிள்ளையிடம் போங்கள். "அவன் சொன்னது தப்பு. உன் மேல தப்பில்ல." இவ்வளவு போதும். அந்தச் சொல்லை நீங்கள் திரும்பச் சொல்லாதீர்கள். பிரேயரில் மைக் பிடித்து எச்சரித்தால், கேட்டிராத வகுப்புக்கும் அது போய்ச் சேரும்.

சொன்னவனிடம் அன்றே, தனியாக, ஐந்து நிமிடம் பேசுங்கள். "ஏன் சொன்ன?" என்றால் ஆறு வயதுப் பிள்ளை தலை குனிந்து நிற்கும். "இத எங்க கேட்ட?" என்றால் மாமா, டீக்கடை, ரீல்ஸ் என்று வாய் திறக்கும். மாமாவைத் திட்ட வேண்டாம். பிள்ளை அடுத்த முறை எதையும் சொல்லாது. "பெரியவங்களும் தப்பாச் சொல்வாங்க. நம்ம கிளாஸ்ல பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்" என்றால் போதும்.

வகுப்புக்குப் பாடம் சில நாள் கழித்து, யார் பெயரும் சொல்லாமல். இந்தியப் படத்தை மாட்டுங்கள். நமக்கு மேலே ஆந்திரா, அதை ஒட்டி ஒடிசா. அங்கே பேசுவது ஒடியா. அந்தப் பிள்ளையை 'இந்திக்காரன்' என்பது வசவு மட்டுமல்ல, தப்பான தகவலும்கூட.

கிரேயான் பெட்டியின் வெளிர் ரோஸை 'தோல் கலர்' என்று சொல்லித்தருவது நாம்தான். அமெரிக்காவின் கிரேயோலா கம்பெனியே 'சதை' என்று பொருள்படும் பெயரை 1962இல் 'பீச்' என மாற்றிவிட்டது. பழுப்பு, மஞ்சள், கொஞ்சம் கறுப்பு கொடுத்து அவரவர் கையைப் பக்கத்தில் வைத்துக் கலக்கச் சொல்லுங்கள். வகுப்பில் யாருக்கும் அந்த ரோஸ் தேவைப்படாது.

மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். அதில் வெளிமாநிலப் பெற்றோர் ஒருவராவது உண்டா, பாருங்கள். ஷிப்டு நேரம் பார்த்துக் கூட்டம் வைத்தால்தான் அவர்களால் வர முடியும்.

அப்புறம் வருகைப் பதிவேடு. வாயில் நுழையாத பெயரைச் சுருக்கி, "ஏய் பீகார்" என்று ஆசிரியரே கூப்பிட்டால் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. உச்சரிப்பைப் பிள்ளையிடமே கேட்டு, பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள்.