ஹாக்கி அட்டைகளோடு தம்பிக்கு ஒரு கடிதம்

லண்டன், ஆன்டாரியோ
டிசம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மாமா, சின்னவள் மூவரும் நலம். அங்கே அப்பா, அம்மா, நீ எல்லோரும் நலமா? தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டு இது என்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். நாமக்கல் பையன் ஒருவன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். அவனிடம் நீ சேர்க்கிற ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் பட அட்டைகளைக் கொடுத்தனுப்புகிறேன். வெறும் பெட்டியாக அனுப்ப மனசு வரவில்லை. அதோடு, எதை வாங்கினேன், எதை ஏன் வாங்கவில்லை என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் பத்துக் கேள்வி கேட்டுக் குழப்பிவிடுவாய்.

அம்மா இன்னும் செவ்வாய்ப்பேட்டை முழுக்க நான் இங்கிலாந்தில் இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளா? சொல்லட்டும், விடு. இந்தக் கனடா லண்டனிலும் ஆற்றுக்குப் பெயர் தேம்ஸ்தான். ஆக்ஸ்ஃபோர்டு தெருவும் உண்டு, கோவன்ட் கார்டன் மார்க்கெட்டும் உண்டு. அரண்மனை மட்டும்தான் இல்லை.

முதலில் உன் பெரிய ஆசை. பெரிய நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியின் 1979-80 ரூக்கி கார்டு, அதாவது அவர் புதிதாக ஆட வந்த வருஷத்து அட்டை, இந்தப் பெட்டியில் இல்லை. இனி அனுப்பப்போகிற எந்தப் பெட்டியிலும் இருக்காது. நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை வாங்க, நம் வீட்டை விற்றாலும் பற்றாது. பத்துக்குப் பத்து தரம் என்று முத்திரை வாங்கிய ஒன்று 2020 டிசம்பரில் 12.9 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போனது. ஒரு ஹாக்கி அட்டை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷமே அது 37.5 லட்சம் டாலருக்குக் கை மாறியது. நெட்டில் 1,500 ரூபாய்க்கு ஒன்று பார்த்ததாகப் படம் அனுப்பினாயே, அது மறுஅச்சு. வாங்கித் தொலைக்காதே. அப்பாவின் பட்டறையில் இருக்கிற லென்ஸை எடுத்து நல்ல அட்டை ஒன்றைப் பார். அச்சுப் புள்ளிகள் கோலம் போட்டதுபோல வரிசையாக நிற்கும். நகலெடுத்ததில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலங்கிக் கிடக்கும்.

அந்த அட்டைக்கு ஏன் அவ்வளவு விலை என்பதற்கு விடை நான் இருக்கிற இந்த ஊரிலேயே இருக்கிறது. அதை அச்சிட்டது ஓ-பீ-சீ கம்பெனி. சூயிங்கம் கம்பெனிதான், இதே லண்டனில் 1911ல் ஆரம்பித்தது. சூயிங்கத்தோடு சேர்த்து அட்டை விற்றார்கள். நாம் பிக் ஃபன் பபிள்கம் வாங்கி கிரிக்கெட் படம் சேர்த்தோமே, அதே கதை. அட்டைத் தாளை அப்போது கம்பியால் அறுத்தார்களாம், அதனால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். போதாததற்கு 1979-80 வரிசைக்கு நீல ஓரம் வேறு வைத்துவிட்டார்கள். லேசாக உராய்ந்தாலே நீலம் போய் வெள்ளை தெரியும். கூடவே, அதை வாங்கினதெல்லாம் சின்னப் பையன்கள். படத்தைத் துணிக் கிளிப்பில் மாட்டி சைக்கிள் கம்பியில் பட படவென்று சத்தம் வர ஓட்டியவர்கள். முழுசாகத் தப்பிப் பிழைத்தது ரொம்பக் கொஞ்சம். 1996ல் அந்தக் கம்பெனியை நெஸ்லே வாங்கிவிட்டது. பெயர் மட்டும் இன்னும் அட்டைகளில் வருகிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது யார் தெரியுமா? நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி. கல்யாணத்துக்கு முன்பு அந்த ஆலையில் பாக்கெட் போடுகிற பிரிவில் இருந்தவராம். வந்த புதிதில் அவரைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, மாத்திரை கொடுப்பதோடு சரி. என்ன பேசுவது என்றே தெரியாது. அவருக்கு என் இங்கிலீஷ் புரியாது, எனக்கு அவருடையது. ஒரு நாள் நீ அனுப்பியிருந்த பட்டியலை போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓ-பீ-சீ என்ற எழுத்தை அவர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், மதியச் சாப்பாடு ஆறிப் போகிற வரைக்கும் பேச்சு. சூயிங்கத்தின் மேல் தூவுகிற மாவு தலைமுடியெல்லாம் ஒட்டிக்கொள்ளுமாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் வாசனையை வைத்தே இந்தப் பொண்ணு எங்கே வேலை பார்க்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். பழைய அட்டைகளின் முதுகில் ஒரு கறை இருக்குமே, அது சூயிங்கம் ஒட்டிய கறை. வியாபாரிகள் அதைக் காட்டி விலையைக் குறைப்பார்கள். எனக்கென்னவோ கறை இருக்கிற அட்டைதான் பிடித்திருக்கிறது. உனக்கு அப்படி ஒன்று வைத்திருக்கிறேன், திருப்பிப் பார்.

உன் பைத்தியத்துக்கு நான்தான் காரணம் என்று அப்பா திட்டுகிறார் என்றாய். என்ன செய்ய, முதல் குளிர்காலத்தில் டிம் ஹார்ட்டன்ஸில் காபி வாங்கும்போது கூடவே கிடைத்த பாக்கெட்டைப் பிரித்து உனக்குப் படம் அனுப்பினது நான்தானே. அந்தக் கடையே ஒரு ஹாக்கிக்காரர் பெயரில் இருப்பதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டொரான்டோ அணியில் ஆடியவர், 1964ல் ஹாமில்டனில் முதல் கடை போட்டார், 1974ல் கார் விபத்தில் போய்விட்டார். அப்பாவிடம் ஒன்று கேள்: தினமும் வெள்ளிக்கு டச், அதாவது சுத்தம், பார்க்கிற மனுஷன், நீ அட்டைக்கு மூலை, ஓரம், மேல்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் ஏன் வேலையற்ற வேலை என்கிறார்? இங்கேயும் அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து பத்து வரை மார்க் போட்டு, கெட்டி பிளாஸ்டிக்கில் அடைத்து சீல் வைத்துக் கொடுப்பார்கள். நீ அதில் மட்டும் இறங்காதே. சேலத்திலிருந்து அட்டையை அமெரிக்காவுக்கு அனுப்பி, மார்க் வாங்கி, திரும்ப வரவழைக்கிற செலவில் அம்மாவுக்கு ஒரு ஜோடி கொலுசே எடுக்கலாம்.

சரி, கடைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது ஹோட்டல் ஹாலை வாடகைக்கு எடுத்து அட்டைக் கண்காட்சி வைப்பார்கள். மேஜை மேஜையாக வியாபாரிகள். உள்ளே போனால் எல்லாம் ஆண்கள்தான், தொப்பியும் தாடியுமாக. நான் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் சால்வை என்று போய் நின்றால், வழி தவறி வந்தவள் என்று நினைத்து முதலில் கழிப்பறைக்கு வழி காட்டினார் ஒருவர். மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பணக்காரர்களுக்கு. மேஜைக்குக் கீழே நீள நீளமான வெள்ளைப் பெட்டிகள், ஒன்றில் அட்டை 25 சென்ட், இன்னொன்றில் ஒரு டாலர். எனக்கு அங்கேதான் வேலை. குனிந்து விரல் வலிக்கிற வரை தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெட்டிகள் நிறைய 1990-91 அட்டைகள். அந்த வருஷம் அப்பர் டெக், ஸ்கோர், ப்ரோ செட் என்று புதுக் கம்பெனிகள் ஹாக்கிக்குள் குதித்து, பழையவர்களோடு போட்டி போட்டு அச்சடித்துத் தள்ளியிருக்கிறார்கள். நாளைக்கு விலை ஏறும் என்று ஜனங்களும் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். எல்லோரும் பூட்டி வைத்தால் எங்கே ஏறும்? இங்கே பாதி வீட்டு நிலவறையில் அது கிடக்கிறது, சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. உனக்கு அங்கே ஒரு அட்டைக்கு நூறு ரூபாய் சொல்கிறார்கள் என்றால் அது அட்டையின் விலை இல்லை, கப்பலும் விமானமும் ஏறி வந்த கூலி. ஆயிரம் அட்டை கிட்டத்தட்ட இரண்டு கிலோ வரும், யோசித்துப் பார். நாமக்கல் பையனிடம் கெஞ்சித்தான் அரைப் பெட்டிக்கு இடம் வாங்கியிருக்கிறேன்.

அதனால் ஒரு யோசனை. எல்லோரும் துரத்துகிற கிராஸ்பி, மெக்டேவிட் மாதிரி நட்சத்திரங்கள் பின்னால் நீயும் ஓடாதே. அப்பர் டெக்கின் யங் கன்ஸ் வரிசை ரூக்கி கார்டு வேண்டுமானால் சில பாக்கெட்டுக்கு ஒன்றுதான் வரும். அதில் பெரிய பெயர் கிடைக்கிற அதிர்ஷ்டத்தை சேலத்தில் உட்கார்ந்து விலைக்கு வாங்க முடியாது. இந்திய வம்சத்தில் வந்தவர்கள் என்ஹெச்எல் என்கிற இந்தப் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அவர்களைச் சேர். ராபின் பாவா 1989ல் வாஷிங்டன் அணிக்கு ஆடினார், அவர்தான் முதல் ஆள். பிறகு மேனி மல்ஹோத்ரா, 1998ல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை ஏழாவதாகத் தேர்ந்தெடுத்தது. அப்புறம் எட்மன்டனில் ஜுஜார் கைரா, அவருக்குப் பிறகு வான்கூவரில் அர்ஷ்தீப் பெயின்ஸ். எல்லோரும் பஞ்சாபி வம்சம். நம்ம பக்கத்து ஆள் இல்லையே என்று உனக்குக் குறை இருக்கலாம், எனக்கும்தான் இருக்கிறது. இங்கே டிவியில் பஞ்சாபியிலேயே ஹாக்கி வர்ணனை 2008லிருந்து நடக்கிறது. அதைக் கேட்டால் உன் மாமாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் கோல் விழும்போது அவர்கள் போடுகிற சத்தத்துக்காகவே அந்தச் சேனலை வைப்பார்.

வியாபாரியிடம் மல்ஹோத்ரா கேட்டேன். "அவரை யாரும் கேட்டதே இல்லையே" என்று சிரித்துவிட்டு, தேடி எடுத்துக் கொடுத்த எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு காபிக் காசுதான் வாங்கினார். பெட்டியில் மேலே இருப்பவை அவைதான். பாவா மட்டும் இன்னும் மாட்டவில்லை. அந்த வியாபாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், இப்போது என்னைப் பார்த்தாலே "பாவா இல்லை" என்று தூரத்திலேயே கை விரிக்கிறார்.

போன மாதம் மேட்ச்சுக்கும் போய் வந்தோம். லண்டன் நைட்ஸ் என்று இந்த ஊர் அணி, ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பதினாறிலிருந்து இருபது வயசுப் பையன்கள். இருபது நிமிஷம் வீதம் மூன்று ஆட்டம். நீ டிவியில் பார்ப்பதில் தெரியாதது அந்தச் சத்தம். பக் என்கிற ரப்பர் வட்டு போய்ப் பலகையில் மோதும்போது நெஞ்சுக்குள் கேட்கிறது. சின்னவளுக்கு ஆட்டத்தைவிட இடைவேளையில் வந்து ஐஸை வழுவழுப்பாக்குகிற வண்டிதான் பிடித்தது. இங்கே ஏழு மணிக்கு மேட்ச் ஆரம்பித்தால் அங்கே விடிகாலை ஐந்தரை. நீ அந்த நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து பார்க்கிறாய் என்பதை அம்மா இன்னும் நம்பவில்லை, பரீட்சைக்குக்கூட எழுந்திருக்காதவன் என்கிறாள்.

பனி இப்போதே முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. ஹ்யூரான் ஏரியிலிருந்து காற்று கிளம்பினால் அரை மணி நேரத்தில் தெருவே காணாமல் போகும். வண்டிப் பாதையில் பனியை அள்ளி அள்ளி உன் மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தீர்ந்துவிட்டது.

அட்டைகளை வைக்கிற விஷயத்தில் கவனம். ஏற்காட்டில் சித்தி வீட்டு அலமாரி காலியாக இருக்கிறது என்று அங்கே கொண்டுபோய் வைத்துவிடாதே. அந்த மூடுபனி ஈரத்தில் பளபளப்பு அட்டையெல்லாம் வளைந்துவிடும். சேலத்து வெயில் எவ்வளவோ மேல், ஜன்னல் பக்கம் மட்டும் வைக்காதே. முதல் அக்ரஹாரத்தில் ஆல்பம் வாங்கினால் பிளாஸ்டிக் வாசனை அடிக்கிற பிவிசி தாள் வேண்டாம், நாள்பட அது அட்டையில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய உறைகள் ஒரு கட்டு பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். முதலில் உறை, அதற்கு மேல் கெட்டி உறை. உறை போடாமல் ரப்பர் பேண்டு சுற்றினாய் என்றால் இனிமேல் ஒன்றும் அனுப்பமாட்டேன்.

பையன் ஜனவரிக் கடைசியில் திரும்பி வருகிறான். அவனிடம் தைலம், அம்மா கையால் பூண்டு ஊறுகாய், கொஞ்சம் தட்டுவடை கொடுத்தனுப்பு. உடையாமல் டப்பாவில் போடு. கூடவே உன் அடுத்த பட்டியலும். ஆட்டக்காரர் பெயர் மட்டும் எழுதினால் எனக்குப் பத்தாது. வருஷம், கம்பெனி, அட்டையின் முதுகில் இருக்கிற எண், மூன்றும் எழுது. பாவா பெயரை முதலில் போடு.

இப்படிக்கு,
உன் அக்கா